சர்க்கரை இல்லாதவர்

ஜனவரி 19, திங்கள்

சிவகாசியில் டைரியைக் கடையில் வாங்குகிறவன் ஊருக்குப் புதுசாக இருக்க வேண்டும். இது கோணலாக வெட்டுப்பட்டதால் ஒதுக்கிப் போட்ட கட்டிலிருந்து நான் உருவிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடமாக ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, துணிப்பை, ஸ்டிக்கர் என்று நான் அடிக்காதது கிடையாது. ஆனால் சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை. அடுத்தவன் எழுதியதை அச்சடிக்கவே பொழுது சரியாக இருக்கிறது.

எழுதச் சொன்னது கிரேஸ்லின் மேடம். பக்கத்துக் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிறார், நாகர்கோவில்காரர். போன வாரம் பட்டறைக்கு வந்து, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை என் உள்ளங்கையில் வைத்தார். அதில் மூன்று கறுப்புக் கோடுகள், அவ்வளவுதான்.

"சுகர் பாக்குற மெஷின்ல சொருகுவாங்கல்லா, அந்த ஸ்ட்ரிப் அண்ணாச்சி. வெளிநாட்டுலருந்து வருது. இதே மாதிரி நீங்க அடிச்சுத் தர முடியுமா?"

"மூணு கோடுதானே? நான் முப்பத்து முக்கோடி தேவர்களையும் அடிச்சிருக்கேன்" என்றேன்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கோடு வெறும் மை இல்லை, கரி. கரியில் மின்சாரம் ஓடும். கோட்டின் நுனியில் அவர் நொதி என்று ஒன்றைச் சொட்டு விடுவாராம். அது ரத்தத்தில் எத்தனையோ இருந்தாலும் சர்க்கரையை மட்டும்தான் தின்னும். தின்னும்போது கிளம்புகிற துளி மின்சாரத்தைக் கரிக்கோடு சுமந்துகொண்டு போய் மெஷினிடம் சேர்க்கும்.

"அதுக்கு உயிர் இருக்கா மேடம்?"

"இல்ல அண்ணாச்சி."

"உயிர் இல்லாததுக்கு எப்படிம்மா பசிக்கும்?"

சிரித்தார். மார்ச் 16-ம் தேதி அவர் ஆராய்ச்சியை ஒரு குழு வந்து பார்க்கப்போகிறதாம். அதற்குள் பட்டைகள் எல்லாம் ஒரே பேச்சுப் பேச வேண்டும். அதனால் மை, வெயில், காற்றின் ஈரம், யார் தொட்டது என்று தினமும் குறித்துவைக்கச் சொன்னார். "எது மாறினாலும் எழுதுங்க. சின்ன விஷயம்னு விட்டுறாதீங்க" என்றார்.

ஆகவே எழுதுகிறேன். இன்று வெயில் சுமார். மை வந்து சேரவில்லை. என் இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டேன். இளைத்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

கரி மை வந்தது. அரைத்த எள்ளு மாதிரி கெட்டி. ஸ்க்வீஜி என்கிற ரப்பர் கட்டையால் வலைமேல் இழுத்தேன். பத்திரிகை மை மாதிரி வழுக்கிக்கொண்டு போகவில்லை, முனகியது. கையை மெதுவாக்கினேன். மூன்றாவது தாளில் அதுவே வழிக்கு வந்தது. ஒரு பிளாஸ்டிக் தாளுக்கு நாற்பது பட்டை.

ஜெயக்கொடி தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள். கல்யாணமானதிலிருந்து காயவைக்கிற வேலை அவளுடையது. ஒரு தாளைக்கூட அவள் விரலால் கெடுத்ததில்லை.

மதியம் நாற்காலியில் சாய்ந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஈரக் கோடுகள் மினுமினுத்தன. பார்த்துக்கொண்டே இருந்தபோது அவை கோடுகளாக இல்லை. ஒரு கண்மாய். கரை தொட்டுத் தண்ணீர் நின்றது. நான் கரையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் உள்ளே விட்டிருந்தேன். தண்ணீர் கறுப்பாக, அழகாக அசைந்தது. குளிர்ச்சி மட்டும் தெரியவில்லை. எங்கேயோ ஒரு படகுத் துடுப்பு நீரைத் தள்ளிக்கொண்டே இருந்தது. விழித்தபோது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தேன்.

மை வாடைதான் காரணம் என்று நினைக்கிறேன். குறித்துக்கொள்ளவும், மேடம்.

ஜனவரி 23, வெள்ளி

ராத்திரி ஐந்து தடவை எழுந்து போனேன் என்று ஜெயக்கொடி சொல்கிறாள். தூங்குகிறவள் எப்படி எண்ணுவாள்?

ஜனவரி 28, புதன்

மானம் போயிற்று.

கல்லூரிக்கு வரச் சொன்னார் மேடம். நான் அடித்த பட்டைகளில் நொதி வைத்து, சர்க்கரைத் தண்ணீர் விட்டுப் பார்த்திருக்கிறார். தாளின் நடுவில் உள்ள பட்டைகள் ஒழுங்காகப் பேசுகின்றன. நான்கு மூலையில் இருப்பவை மட்டும் சர்க்கரையே இல்லாத வெறும் தண்ணீருக்கும் "இருக்கு, இருக்கு" என்கின்றன. எல்லாத் தாளிலும் இதே கதை.

"மூலையில மட்டும் என்ன பண்ணுனீங்க அண்ணாச்சி?"

"நான் என்னத்தப் பண்ணேன்? எல்லா இடத்துலயும் ஒரே இழுப்புத்தான்."

மேடம் ஒரு மூலையை லென்ஸ் வைத்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இது மஞ்சளா?"

ஆமாம், மஞ்சள்தான். முதல் முறை ஒரு வேலை பட்டறைக்கு வந்தால் தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்துத்தான் அடிப்பேன். கல்யாணப் பத்திரிகை ஆயிரம் அடித்தாலும் முதல் தாளுக்கு மட்டும்தான். இது மொத்தமே முப்பது தாள், புது வேலை, நல்ல வேலை. அதனால் முப்பதுக்கும் வைத்தேன். குழைத்து, துடைத்து, தெரியாத அளவுக்குத்தான் வைத்தேன். எது மாறினாலும் எழுதச் சொன்னாரே, மஞ்சள் எனக்கு மாற்றமாகத் தெரியவில்லை. சாமி கும்பிட்டதை யாராவது குறிப்பில் எழுதுவார்களா?

"மஞ்சளும் கரியில மின்சாரம் குடுக்கும் அண்ணாச்சி. மெஷினுக்கு அது மஞ்சள்னு தெரியாது. சர்க்கரைனு நெனச்சுக்கும்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, "என் ஆராய்ச்சிப் பேப்பர்ல இத எப்படி எழுதுவேன்?" என்றார். நானும் சிரித்தேன். வெளியே வந்ததும்தான் உறைத்தது. என் கையால் போன வேலை ஒன்று திரும்பி வந்தது இதுதான் முதல் முறை.

ஜனவரி 30, வெள்ளி

மஞ்சள் இல்லாமல் அடித்தேன். கை என்னவோ போலிருந்தது. ஜெயக்கொடி மட்டும் தாளைத் தொடாமல் காற்றில் நாலு மூலைக்கும் ஒரு கும்பிடு போட்டாள். அதில் மின்சாரம் வராது என்று நம்புகிறேன்.

பிப்ரவரி 4, புதன்

குளியலறையில் எறும்பு. வரிசையாக, ஒழுங்காக, கழிவறைப் பக்கம் போகிறது. ஜெயக்கொடி எறும்புப் பொடியைத் தூவிவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"ஏங்க, ஒரு எட்டு டெஸ்ட் எடுத்துப் பாத்துருவமா?"

"எறும்பு வந்தா பொடியப் போடு. டெஸ்ட் எடுக்குறதுக்கு எறும்பக் கூட்டிட்டுப் போ."

"உங்க அண்ணன் வீட்லயும் இப்படித்தான் மொதல்ல..."

"ஜெயா!"

போய்விட்டாள். நான் போட்ட சத்தம் எனக்கே அதிகமாகத் தெரிந்தது.

அண்ணன் பேர் வேலுச்சாமி. இந்தப் பட்டறையை ஆரம்பித்ததே நாங்கள் இரண்டு பேரும்தான். சுகர் என்றார்கள். முதலில் விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால்வரை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன், நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். போகும்போது இருந்த கனம் வரும்போது இல்லை. அதற்கப்புறம் எட்டு மாதம்தான் இருந்தார்.

என்னுடைய கணக்கு ஒன்று உண்டு. டெஸ்ட் எடுத்த அன்றைக்குத்தான் அண்ணனுக்குச் சுகர் வந்தது. அதற்கு முந்தின நாள்வரை நன்றாக நடந்துகொண்டிருந்தார். ஜெயக்கொடிக்கு இது புரியாது. எனக்கு அண்ணன் உடம்பு இல்லை. எங்கள் அம்மா எண்பது வயது வரை கல்லைத் தின்று கரைத்தவள்.

இன்று காற்றில் ஈரம் இல்லை. பதினைந்து தாள் அடித்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சிரிப்பான விஷயம் ஒன்று. டீக்கடையிலிருந்து பட்டறைவரை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன். ஜெயக்கொடி கேட்கிறாள், "இன்னொண்ணு எங்கங்க?" குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதென்று தெரியவில்லை. தார் ரோடு, மதியம் பன்னிரண்டு மணி வெயில். யோசனையாக வந்தால் இப்படித்தான். பட்டையைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. என் காலைப் பார்க்க வந்தாள். நான் நாற்காலியின் மேல் மடித்து வைத்துக்கொண்டேன்.

மதியத் தூக்கத்தில் அண்ணன் வந்தார். இரண்டு காலோடு, வெள்ளை வேட்டியில், தண்ணீர்மேல் நடந்து வந்தார். கரைக்கு வந்து ஸ்க்வீஜியை என்னிடம் நீட்டினார். "மெதுவா இழுடா காளிராஜா" என்றார். எனக்கு எழுந்திருக்கவே மனமில்லை. உடம்பெல்லாம் இனிமையாக, பஞ்சாக இருந்தது. இந்தக் கொஞ்ச நாளாகவே மத்தியானங்கள் இப்படித்தான் மிதக்கின்றன. அதைக் குறை என்று சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஜெயித்தோம்!

மேடம் போன் செய்தார். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். சர்க்கரைத் தண்ணீரை ஐம்பது, நூறு, இருநூறு, நானூறு என்று கூட்டிக்கொண்டே போனாராம். பட்டைகள் அதே அளவில் கூடிக்கூடிச் சொல்லியிருக்கின்றன. அறுபது பட்டையில் ஒன்றுகூடப் பிசகவில்லை. கோடு போட்டுப் பார்த்தால் அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி இருக்கிறதாம்.

"வெளிநாட்டு ஸ்ட்ரிப்பவிட நல்லா இருக்கு அண்ணாச்சி!"

"அவன் மெஷின்ல அடிக்கிறான், நாங்க கையில அடிக்கிறோம்ல" என்றேன். நெஞ்சு நிறைந்துவிட்டது. அண்ணன் இருந்திருந்தால் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்திருப்பார். ஜெயக்கொடி கேசரி கிண்டினாள். என் தட்டில் மட்டும் ஒரு கரண்டிதான் வைத்தாள். பாத்திரத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்று ரத்தப் பரீட்சை. தண்ணீரில் சரியாகச் சொன்னது ரத்தத்தில் சொல்லுமா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சர்க்கரை வியாதி இல்லாத ஐந்து பேர் தேவை. மேடம், கல்லூரிக் காவலாளி, ஆய்வகத்தில் பாத்திரம் கழுவுகிற அக்கா, ஜெயக்கொடி, ஐந்தாவது நான்.

"சுகர் இருக்கா அண்ணாச்சி? இருந்தா சொல்லிருங்க, வேற ஆளப் பாத்துக்கிறேன்."

"எனக்கா? கல்லத் தின்னாலும் கரையும் மேடம்."

ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். மேடம் தன் நோட்டில் எழுதினார்: 5. காளிராஜன், வயது 47, சர்க்கரை இல்லாதவர்.

விரலில் குத்தினார். மேடத்துக்குத் தொண்ணூற்றாறு, காவலாளிக்கு நூற்று நாலு, அக்காவுக்குத் தொண்ணூற்றொன்பது, ஜெயக்கொடிக்கு நூற்றுப் பதினெட்டு.

எனக்கு முந்நூற்று எழுபத்திரண்டு.

மேடம் பட்டையை மாற்றினார். முந்நூற்று எண்பது. இன்னொன்று. முந்நூற்று அறுபத்தொன்பது.

"வரும்போது இனிப்பு ஏதும் தொட்டீங்களா அண்ணாச்சி? விரல்ல ஒட்டியிருந்தாலே ஏறிரும்."

"ஆமா, ஜிலேபி" என்றேன் உடனே. "பஸ் ஸ்டாண்ட்ல."

"அப்போ நாளைக்குக் கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் பாப்போம்."

பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இறங்கவே இல்லை. நேரே கல்லூரி வாசலில்தான் இறங்கினோம். ஜெயக்கொடிக்கு அது தெரியும்.

பிப்ரவரி 25, புதன்

இன்று நான் மட்டும் போனேன். மேடம் கண்முன்னால் மூன்று முறை சோப்புப் போட்டேன். முந்நூற்று எழுபத்தைந்து.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்வதா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது.

"அண்ணாச்சி, தப்பா நெனக்காதீங்க. ஒரு தடவ வெளிய டெஸ்ட் எடுத்துப் பாத்துருங்களேன்."

"போன மாசம்தான் எடுத்தேன். நூத்தி ரெண்டு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அது பாட்டுக்கு வாயில் வந்தது. நூற்று இரண்டு என்பது நல்ல எண்ணாக, நம்புகிற மாதிரி இருந்தது. மேடம் நம்பினார். நம்பியதும் முகம் விழுந்துவிட்டது.

"அப்போ ஸ்ட்ரிப்தான் தப்பு" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வாக்கியத்தின் மற்ற பாதி, என் அச்சுதான் தப்பு என்பது, பஸ்ஸில் ஏறிய பிறகுதான் புரிந்தது.

மார்ச் 2, திங்கள்

மேடம் பட்டறைக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு இவ்வளவு தப்பாச் சொல்லுச்சுன்னா, குழு முன்னாடி என்னால வைக்க முடியாது. நாளைக்கு யாரோ ஒருத்தர் இத நம்பி மருந்து சாப்பிடுவாங்க. கரி எங்கயோ தடிச்சிருக்கணும் அண்ணாச்சி. கையால அடிக்கிறதுல அப்படி ஆகும். உங்களக் குத்தம் சொல்லல. பெங்களூர்ல மெஷின்ல அடிக்கிறவங்க இருக்காங்க, அவங்ககிட்டக் கேட்டிருக்கேன்."

எனக்குத் தலை கொதித்தது.

"தடிச்சிருக்கா? என் கையிலயா? இருபத்திரண்டு வருஷம்மா! ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். உங்க நொதி கெட்டுப் போச்சோ என்னவோ! ஃபிரிட்ஜுல வைக்காம விட்டிருப்பீங்க."

"நொதி மத்த நாலு பேருக்கும் சரியாத்தானே சொல்லுச்சு?" என்றார். குரல் உடைந்திருந்தது. இந்த வேலைக்காக மூன்று வருடமாக அலைந்தவர். அவருக்கு மட்டும் ஆசையா, விட்டுவிட்டுப் போக? "உங்க ஸ்ட்ரிப்ப நம்பணும்னா நான் உங்கள நம்பக் கூடாது. உங்கள நம்புனா ஸ்ட்ரிப்ப நம்பக் கூடாது. நான் என்ன பண்ணட்டும்?"

போய்விட்டார். கொண்டுவந்திருந்த மீதித் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து லென்ஸும் கையுமாக உட்கார்ந்தேன். தப்பு எங்கே என்று கண்டுபிடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். முதல் தாள், முதல் பட்டை. பார்த்ததும் திக்கென்றது. ஒரே கோடு இரண்டாகப் பிரிந்து, ஓரம் கசிந்து, பக்கத்துக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடுத்த பட்டையும் அப்படியே. நாற்பதும் அப்படியே. மேடம் சொன்னது நிஜம்தானா?

"ஜெயா, இங்க வா. இந்தக் கண்றாவியப் பாரு."

வந்தாள். லென்ஸில் குனிந்தாள். நிதானமாகப் பார்த்தாள். அடுத்த தாளையும் பார்த்தாள்.

"என்னத்தப் பாக்கச் சொல்றீங்க?"

"கோடு ரெண்டா ஒடைஞ்சு கசிஞ்சிருக்குல்ல?"

"எங்கங்க? ஒத்தக் கோடு. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்குறேன். நீங்கதான்..." என்று நிறுத்தினாள். பிறகு என் முகத்துக்கு நேராக மூன்று விரலைக் காட்டினாள். "இது எத்தன?"

ஐந்தாறு விரல்கள் வெளிச்சத்தில் மிதந்தன, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு பூ மாதிரி வட்டம். அழகாகத்தான் இருந்தது. ஜன்னல், காயும் தாள்கள், அவள் முகம், எல்லாமே தண்ணீருக்கடியில் இருந்தன. இந்தத் தண்ணீர் எத்தனை நாளாக என் கண்ணில் நிற்கிறது?

கோடு சரி என்றால், கோணல் என்னிடம்.

அப்போதுதான் நூற்று இரண்டு என்று சொன்ன பொய்யை அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உங்க அச்சு தப்புன்னு அந்தம்மா சொன்னா ஒத்துக்குவீங்களா?"

"உசுரு போனாலும் ஒத்துக்க மாட்டேன்."

"அதான் போய்க்கிட்டு இருக்குல்ல" என்றாள்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்த அந்த இலேசான கனம் இன்றைக்கும் என் கையில் இருக்கிறது.

மார்ச் 4, புதன்

மேடத்துக்குப் போன் போட்டேன். "மெஷினத் தூக்கிட்டு நாளைக்குக் காலைல டவுன் லேபுக்கு வாங்க. ஒரே ஆள், ஒரே கை, ஒரே நேரம். எது பொய் சொல்லுதுன்னு பாத்துருவோம்" என்றேன். வேறு எதுவும் சொல்லத் தைரியம் வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

காலை ஏழரைக்கு லேபில் இருந்தோம், நான், ஜெயக்கொடி, மேடம். ஊசி போடுகிற பெண் முழங்கை நரம்பில் ரத்தம் எடுத்தாள். அதே நேரத்தில் மேடம் என் விரலைக் குத்தி, நான் அடித்த பட்டையில் சொட்டை வைத்தார். மெஷின் யோசித்தது. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

லேப் முடிவுக்கு முக்கால் மணி நேரம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முருகா, தப்பாக வரட்டும் என்று ஒரு மனது. முருகா, தப்பாக வந்துவிடக் கூடாது என்று இன்னொரு மனது. இப்படி ஒரு வேண்டுதலை அவரும் கேட்டிருக்க மாட்டார்.

பெண் காகிதத்தோடு வந்தாள். "காளிராஜன் யாரு? முந்நூத்தி எண்பத்தி நாலு."

"பாத்தீங்களா!" என்று எழுந்து நின்று கத்திவிட்டேன். "ஏழுதான் வித்தியாசம்! என் அச்சு சரி! சொன்னேன்ல மேடம், என் அச்சு சரி!"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முந்நூற்று எண்பத்து நாலு என்று கேட்டு ஆடுகிற ஆளை அந்தப் பெண் பார்த்ததில்லை போல. மேடம் சிரிக்கவில்லை.

"நூத்தி ரெண்டுன்னு சொன்னீங்களே அண்ணாச்சி."

"அது பொய்ம்மா. அன்னைக்கு ஜிலேபியும் பொய். அது ரெண்டும் நான் சொன்னது. இது கரி சொன்னது."

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஸ்ட்ரிப்ப விடுங்க. இப்ப டாக்டரப் பாருங்க. பெங்களூருக்கு நான் சொல்லிக்கிறேன்." கண் கலங்கியிருந்தது. ஜெயக்கொடி காகிதத்தை வாங்கி எண்ணை இரண்டு முறை படித்தாள். பிறகு அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். என் ஆட்டம் அப்போதே அடங்கிவிட்டது.

மாடியில் டாக்டர். என் வயதுதான் இருக்கும். எத்தனை நாளாகத் தாகம், எத்தனை நாளாகக் கண் மங்கல் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். ஜெயக்கொடிக்குத் தேதி வாரியாகத் தெரிந்திருந்தது. காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். வலது பாதத்தின் அடியில் ரூபாய் அகலத்துக்கு ஒரு கொப்புளம் உடைந்து கிடந்தது. "இது எப்போ?" என்றார். நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

"கால எடுத்துருவீங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல எவ்வளவு உணர்ச்சி இருக்குன்னு பாப்போம்" என்றார். தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய ஒன்றைக் காட்டினார். இதால் பாதத்தில் அங்கங்கே தொடுவேன், கண்ணை மூடிக்கொண்டு, தெரியும்போது மட்டும் சொல்ல வேண்டும்.

கண்ணை மூடினேன்.

"தெரியுது" என்றேன்.

கொஞ்சம் பொறுத்தேன்.

"தெரியுது."

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்பவும் தெரியுது டாக்டர்."

"ஏங்க" என்றாள் ஜெயக்கொடி. அவள் அழுவது குரலிலேயே தெரிந்தது. "அவுக இன்னும் தொடவே இல்லீங்க."

கண்ணைத் திறந்தேன். டாக்டர் அந்த நரம்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. "பரவால்ல, எல்லாரும் அப்படித்தான்" என்றார். "மறுபடி மூடுங்க. அவசரமே இல்ல."

மூடினேன். இந்தத் தடவை வாயையும் மூடிக்கொண்டு காத்திருந்தேன். வலது காலில் தொட்டார் என்று நினைக்கிறேன், ரொம்ப நேரம் ஆயிற்று. "ஒண்ணும் தெரியலீங்க" என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். "இங்கயும் தெரியல. தெரியல."

அப்புறம் இடது கட்டைவிரலில் ஈ உட்கார்ந்த மாதிரி ஏதோ ஒன்று. அதை நம்ப எனக்குப் பயமாக இருந்தது.

"ஜெயா" என்றேன், கண்ணைத் திறக்காமல். "இது நெசமா?"

"நெசம்தாங்க" என்றாள். "இப்பத்தான் தொட்டாரு."